மலைப் பாதையில் மார்புப் பட்டை: இதயத் துடிப்பைக் கேட்டுப் பயிற்சி செய்ய முழுமையான வழிகாட்டி

சமவெளியில் ஓடுகிறவர்களுக்கு வேகமே கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கும் நாளைக்கும் அதே உழைப்புதான். குன்னூரில் இருக்கிற எனக்கு அந்தக் கணக்கு உதவுவதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறும்போது வேகமாக நடந்தாலே ஓடுகிற அளவுக்கு மூச்சு வாங்கும். சிம்ஸ் பார்க்கைத் தாண்டி லேம்ப்ஸ் ராக் பக்கம் போனால் வளைவுக்கு வளைவு சாய்வு மாறும். இப்படிப்பட்ட ஊரில் உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதயத்திடம்தான் கேட்க வேண்டும். அதைச் சரியாகக் கேட்டுச் சொல்லும் கருவி மார்பில் கட்டும் பட்டை. கடைகளில் செஸ்ட் ஸ்ட்ராப் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

நீங்கள் இதைப் புதிதாக வாங்கப் போகிறவராக இருக்கலாம். வாங்கி ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டு, எண் தாறுமாறாக வருகிறது என்று அலமாரியில் போட்டவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கையில் கட்டும் வாட்ச் போதாதா?

நானும் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு ஜனவரி காலையில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா சாலையில் ஓடினேன். புல் முழுக்க உறைபனி, உப்பைத் தூவியது போல வெள்ளையாகக் கிடந்தது. ஏற்றத்தில் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறது, வாட்ச் 88 என்று காட்டுகிறது. சமமான இடத்துக்கு வந்து மூச்சு சீரானதும் 172 என்றது. இரண்டுமே தவறு, ஆனால் இரண்டுக்கும் காரணம் உண்டு.

வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தம் கூடிக் குறைவதை வைத்து அது துடிப்பை எண்ணுகிறது. குளிரில் உடம்பு சூட்டை உள்ளே வைத்துக்கொள்வதற்காக, கைத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். தோலில் ரத்தம் குறைந்தால் வாட்சுக்கு எண்ணக் கிடைப்பது எதுவுமில்லை. 88 வந்தது அப்படித்தான். அந்த 172 என் காலடி. ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு அடிதான் வைப்பேன். கை ஆடுகிற தாளத்தை வாட்ச் நாடி என்று எடுத்துக்கொண்டது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது அதே வாட்ச் சரியாகத்தான் சொல்லும். குளிரும் ஆட்டமும் சேரும்போதுதான் தடுமாறும்.

மார்புப் பட்டை வெளிச்சத்தை நம்புவதில்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்னும் ஒரு சிறிய மின் அலை எழுகிறது. ஈ.சி.ஜி. தாளில் ஊசி முனை போல உயர்ந்து நிற்கும் கோடு அதுதான். பட்டையின் உள்பக்கத்தில் இடமும் வலமுமாக இருக்கும் இரண்டு எலெக்ட்ரோடுகள் அந்த அலையைத் தோலின் மேலிருந்தே பிடிக்கின்றன. ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அளந்து, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று சென்சார் சொல்லிவிடுகிறது. குளிரில் கை விறைத்தாலும் மார்பில் அந்த அலை இருக்கும்.

இந்தக் கருவி பிறந்ததும் குளிர் நாட்டில்தான். பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சாய்னாயாகங்கஸ் 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்பிலிருந்து கம்பியில்லாமல் கைக்கு எண்ணை அனுப்பும் கருவி 1982இல் வந்தது. பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியை மனதில் வைத்துச் செய்தது. நம்முடைய டிசம்பர், ஜனவரி குளிர் அதற்குப் பெரிய விஷயமே இல்லை.

வாங்கும்போது

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். புளூடூத், ஆன்ட் பிளஸ் என்று இரண்டு வகைக் கம்பியில்லா இணைப்பும் இருக்கட்டும். போனுக்குப் புளூடூத், பழைய சைக்கிள் மீட்டர்களுக்கும் ஜிம் கருவிகளுக்கும் ஆன்ட் பிளஸ். துணிப் பட்டையாக இருக்க வேண்டும், சென்சார் தனியாகக் கழன்று வர வேண்டும். முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கும் பட்டை குளிரில் விறைத்துக்கொண்டு தோலோடு ஒட்டாது. பேட்டரி நாமே மாற்றும் பொத்தான் பேட்டரியா என்று பாருங்கள். சி.ஆர். 2032 என்றால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், 2025 கொஞ்சம் தேட வேண்டும். மார்புச் சுற்றளவுக்கு ஏற்ற அளவு வாங்குவது முக்கியம். ஒல்லியானவர்கள் பெரிய அளவு வாங்கினால் கடைசி வரை இறுக்கினாலும் நழுவும்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கட்டும் முறை

பத்தில் எட்டுப் பேருடைய குறை இங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். கருவியில் கோளாறு இருக்காது, கட்டியதில் இருக்கும். ஆகவே இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நனைக்க வேண்டும். காய்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. ஈரம், அதிலும் உப்பு கலந்த வியர்வை, நன்றாகக் கடத்தும். கோயம்புத்தூரில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும், பட்டை தானாகவே வேலை செய்யத் தொடங்கும். இங்கே பனிக்காலக் காலையில் இருபது நிமிடம் ஓடினாலும் மார்பில் ஈரம் வராது. அதனால் நாம்தான் நனைக்க வேண்டும். நான் ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டு எலெக்ட்ரோடுகளையும் விரலால் தேய்த்து நன்றாக நனைப்பேன். குழாய்த் தண்ணீரிலும் நனைக்கலாம், ஆனால் ஆறு டிகிரி குளிரில் அந்த ஈரத்தை மார்பில் வைத்தால் ஒரு நிமிடத்துக்கு மூச்சே நிற்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீரும் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்போது மருந்துக் கடையில் கிடைக்கும் ஈ.சி.ஜி. ஜெல்லைப் பக்கத்துக்கு ஒரு பட்டாணி அளவு தடவினால் போதும், இரண்டு மணி நேரம் தாங்கும். எச்சில் தொட்டு வைக்கிறவர்களும் உண்டு. அவசரத்துக்கு அதுவும் வேலை செய்யும்.

அடுத்தது எண்ணெய். மலைக் காற்றில் தோல் வெடிக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நம் வழக்கம். அந்த எண்ணெய்ப் படலம் எலெக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவில் சுவர் போல நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என் எண்கள் ஏன் அறுந்து அறுந்து வருகின்றன என்று பல வாரம் குழம்பியிருக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்தான் காரணம். பட்டை படுகிற இடத்தை மட்டும் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டுக் கட்டினால் சரியாகிவிடும்.

இடம்: மார்புத் தசைக்குக் கொஞ்சம் கீழே, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்கு நேராகச் சென்சார் நடுவில் வர வேண்டும். விரலை நெஞ்சுக்கு நடுவே கீழ்நோக்கி இறக்கிக்கொண்டே வாருங்கள். எலும்பு முடிந்து வயிறு தொடங்கும் குழி வரும். அந்தக் குழிக்குச் சற்று மேலே. பட்டை சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், முதுகில் மேலேறி நிற்கக் கூடாது.

இறுக்கம்: மூச்சை முழுதாக இழுத்தால் பட்டை லேசாக அழுத்த வேண்டும், மூச்சை முழுதாக விட்டாலும் கீழே நழுவக் கூடாது. இரண்டு விரல் சிரமப்பட்டு நுழையும் அளவு சரி. எழுத்து நேராகத் தெரியும்படி சென்சாரை வைத்து, இரண்டு பொத்தான்களும் டக் டக் என்று விழும்வரை அழுத்துங்கள். ஒரே ஒரு டக் கேட்டால் ஒரு பக்கம் மாட்டவில்லை என்று அர்த்தம்.

பட்டை தோலின் மேல்தான் இருக்க வேண்டும். தெர்மலுக்கு மேலே கட்டிக்கொண்டு எண் வரவில்லை என்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டை, அதற்கு மேல் பனியன், அதற்கு மேல் தெர்மல், ஸ்வெட்டர். இதுதான் வரிசை.

பெண்களுக்கு என் மனைவி சொன்ன இரண்டு விஷயங்கள். ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ் விளிம்புக்குக் கீழே பட்டையைத் தனியாகக் கட்டுங்கள். விளிம்பு சென்சார் மேல் ஏறி நின்றால் ஒவ்வொரு அடிக்கும் அது அசைந்து எண் கெடும். தாலிச் சங்கிலி நீளமாக இருந்தால் அதன் முனை சரியாக எலெக்ட்ரோடு இடத்தில் வந்து உரசும். அதை பிராவுக்கு உள்ளே மேலேற்றி, ஊக்கு ஒன்றைப் போட்டு நிறுத்திவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு நிம்மதி.

போனோடு இணைத்தல்

பட்டைக்கு ஆன், ஆஃப் பொத்தான் கிடையாது. ஈரமான தோலில் பட்டதும் தானே விழித்துக்கொள்ளும். ஆகவே முதலில் கட்டுங்கள், பிறகு தேடுங்கள். மேசையில் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது.

போனின் புளூடூத் பட்டியலில் போய் இணைக்க வேண்டாம். நிறையப் பேர் செய்கிற தவறு இது. போனில் புளூடூத்தை ஆன் செய்துவிட்டு, நீங்கள் பயன்படுத்தும் ஆப்புக்குள் சென்சார் என்ற பகுதியில் தேடி இணையுங்கள். ஸ்ட்ராவாவோ, பட்டை நிறுவனத்தின் ஆப்போ, எதுவானாலும் இப்படித்தான். பழைய ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் லொகேஷன் அனுமதியும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டையைத் தேடவே தேடாது. சில பட்டைகள் புளூடூத்தில் ஒரு சமயத்தில் ஒரு கருவியோடு மட்டும்தான் பேசும். வீட்டில் இன்னொருவருடைய போன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் வாட்சுக்குக் கிடைக்காது. அந்த ஆப்பை மூடிவிட்டுத் தேடுங்கள்.

எண் கோணலாக வந்தால்

புறப்பட்ட முதல் ஐந்து நிமிடத்தில் 190, 210 என்று குதித்துவிட்டுப் பிறகு இறங்கி நின்றால், ஒன்று ஈரம் போதவில்லை, இல்லாவிட்டால் உங்கள் விண்ட்சீட்டர். நைலான், பாலியெஸ்டர் துணி காய்ந்த குளிர் காற்றில் படபடக்கும்போது நிலை மின்சாரம் உண்டாகிறது. இருட்டில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்குமே, அதே மின்சாரம்தான். இதயத்தின் சிறிய அலை அதில் மூழ்கிப்போகிறது. பட்டைக்கு மேல் ஒட்டினாற்போல் ஒரு பருத்தி பனியன் போட்டு, அதைச் சற்று ஈரமாக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

நடுவில் எண் மறைந்து கோடு மட்டும் தெரிந்தால் பட்டை நழுவியிருக்கும். மார்பில் முடி அடர்ந்தவர்கள் சவரம் செய்யத் தேவையில்லை, ஜெல்லை மட்டும் கொஞ்சம் தாராளமாகத் தடவுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் சென்சாரை நெஞ்சின் நடுவிலிருந்து இடப்பக்கமாக நான்கு விரல் நகர்த்திப் பாருங்கள். சிலருடைய உடம்பில் அங்கேதான் அலை நன்றாகக் கிடைக்கும். பல நாட்களாக மெல்ல மெல்ல மோசமானால் பேட்டரியை மாற்றுங்கள். குளிரில் பொத்தான் பேட்டரியின் வலு குறையும். கடைசி மூச்சில் இருக்கிற பேட்டரி வீட்டுக்குள் வேலை செய்யும், வெளியே வந்ததும் நின்றுவிடும்.

எண் எகிறினால் எல்லாமே கருவியின் பிழை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே திரும்பினேன். பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டேன். கையில் இருந்த எண் 118இலிருந்து 151க்கு ஏறியது, நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. பயமும் கோபமும் தூக்கமின்மையும் காபியும் எல்லாமே அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. (விடிவதற்கு முன்னால் எஸ்டேட் பாதைகளில் போகாதீர்கள். கரடியும் அந்த நேரத்தில்தான் நடமாடும்.)

ஓய்வாக இருக்கும்போதே நூறுக்கு மேல் நிற்கிறது, அல்லது சரியாகக் கட்டியும் துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவிக்கொண்டே இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். பட்டை ஈ.சி.ஜி.க்கு மாற்று ஆகாது. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல், காரணமில்லாத வியர்வை வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உட்கார்ந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் எல்லைகளைக் கண்டுபிடித்தல்

இரண்டு எண்கள் வேண்டும், ஓய்வுத் துடிப்பும் உச்சத் துடிப்பும்.

ஓய்வுத் துடிப்பை எடுக்கக் காலையில் விழித்ததும், காபிக்கு முன், படுக்கையிலேயே பட்டையைக் கட்டி மூன்று நிமிடம் அசையாமல் படுங்கள். ஐந்து நாள் எடுத்துச் சராசரி பாருங்கள்.

உச்சத் துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 2001இல் டனாகாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இன்னொரு கணக்கு இருக்கிறது: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது. நாற்பது வயதில் இரண்டும் 180தான். வயது ஏற ஏற விலகும். 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கு 160 என்கிறது, இரண்டாவது 166 என்கிறது. வயதானவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. ஆனாலும் இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு நடுவே இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். எனக்கு வயது 46. இரண்டாவது கணக்குப்படி 176 வர வேண்டும், ஏற்றத்தில் நான் பார்த்தது 184.

நல்ல உடல்நிலையில், பல மாதங்களாகப் பயிற்சியில் இருப்பவர்கள் அதை நேரடியாகவே அளக்கலாம். இருபது நிமிடம் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, சீரான ஒரு ஏற்றத்தில் மூன்று நிமிடம் கடினமாக ஏறுங்கள். நடந்து இறங்குங்கள். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறையின் கடைசி ஒரு நிமிடம் மிச்சம் வைக்காமல் ஓடுங்கள். அப்போது தெரிகிற மிகப் பெரிய எண்தான் உங்கள் உச்சம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் நீங்களும், பயிற்சிக்குப் புதியவர்களும் இதைச் செய்யவே வேண்டாம். கணக்கில் வரும் எண் போதும்.

இனி மண்டலங்கள், அதாவது லேசான உழைப்பிலிருந்து உச்ச உழைப்பு வரை துடிப்பைப் பிரிக்கும் ஐந்து படிகள். உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் வருவது உங்கள் கையிருப்பு. அதில் இத்தனை சதவீதம் எடுத்து ஓய்வுத் துடிப்போடு கூட்ட வேண்டும். கார்வோனென் முறை என்று இதற்குப் பெயர். என் எண்களை வைத்தே காட்டுகிறேன். உச்சம் 184, ஓய்வு 58, கையிருப்பு 126. அதில் 60 சதவீதம் 75.6, அதோடு 58ஐக் கூட்டினால் 134. 70 சதவீதத்துக்கு 146, 80க்கு 159, 90க்கு 171. ஆக 134 வரை முதல் மண்டலம், 134 முதல் 146 வரை இரண்டாவது, 159 வரை மூன்றாவது, 171 வரை நான்காவது, அதற்கு மேல் ஐந்தாவது. பல ஆப்கள் ஓய்வுத் துடிப்பைக் கேட்காமல் உச்சத்தின் சதவீதத்தை மட்டும் வைத்துப் பிரிக்கும். அப்படிப் பிரித்தால் எனக்கு இரண்டாவது மண்டலம் 110இலிருந்து 129 வரைதான் வரும், சமமான சாலையில் வேக நடைக்குக்கூடப் போதாது. ஆப்பின் அமைப்புகளில் போய் எண்களைக் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க எளிய வழி பேச்சு. இரண்டாவது மண்டலத்தில் இருந்தால் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்லி முடிக்க முடியும். மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுத்தால் தாண்டிவிட்டீர்கள். எண்ணும் பேச்சும் முரண்பட்டால் நான் பேச்சைத்தான் நம்புவேன்.

உயரம் என்ன செய்கிறது

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2637. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவாகக் கிடைப்பதால், அதே வேலையைச் செய்ய இதயம் அதிகமாகத் துடிக்கிறது. திருப்பூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் ஓய்வுத் துடிப்பே கூடியிருக்கும். ஊரில் 140இல் ஓடிய வேகத்துக்கு இங்கே 155 வந்தால் பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள், எண்ணைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு பழகப் பழக வேகம் தானே வரும்.

இறங்கிப் போனால் வேறு விதம். ஏப்ரலில் மேட்டுப்பாளையம் போய்ச் சைக்கிள் மிதித்தால் காற்று நிறைய இருக்கும், ஆனால் வெயிலில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புவதால் அதே உழைப்புக்குத் துடிப்பு மேலேதான் நிற்கும். இங்கே குளிரில் தாகம் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே வேகத்தில் போகும்போது துடிப்பு மெதுவாக ஏறிக்கொண்டே போனால், பல சமயம் தண்ணீர் குடிக்காததுதான் காரணம்.

ஏற்றத்தில் எண்ணைப் படித்தல்

நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான். மலையில் இருக்கிறவர்களுக்குப் பட்டையின் பெரிய உதவி, எங்கே நடக்க வேண்டும் என்று அது சொல்வதுதான். கடினமாக உழைக்க வைப்பதற்கு நமக்கு ஏற்றமே இருக்கிறது.

இதயம் காலுக்குப் பின்னாலேயே வரும். ஏற்றம் தொடங்கி அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத்தான் எண் ஏறும். பெட்ஃபோர்டு ஏற்றத்தின் அடியில் 128 என்று பார்த்துவிட்டு, இன்னும் இடமிருக்கிறது என்று ஓடத் தொடங்குவோம். முதல் வளைவில் 141, இரண்டாவதில் 158, மூன்றாவதில் 166. அந்த நேரத்தில் நின்றாலும் உடனே இறங்காது. இப்படி ஏறினால் மேலே போய்ச் சேரும்போது கால் கனத்து, மீதி ஓட்டம் முழுக்க இழுபறியாகப் போகும். ஆகவே எண் ஏறும்வரை காத்திருக்காதீர்கள். ஏற்றம் கண்ணில் பட்டதுமே அடியைச் சுருக்குங்கள். உங்கள் இரண்டாவது மண்டலத்தின் மேல் எல்லைக்கு ஐந்து துடிப்பு முன்னாலேயே நடைக்கு மாறுங்கள். எல்லையைத் தாண்டியபின் மாறினால் திரும்பி வர இரண்டு நிமிடம் ஆகும்.

முதல் மாதம் இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். இந்த நிதானமான உழைப்பில்தான் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. வாரத்தில் பெரும்பகுதி இப்படி இருக்கட்டும். ஒரே ஒரு நாள் கடினமாக ஏறுங்கள்: மூன்று அல்லது நான்கு நிமிடம் நான்காவது மண்டலத்தில், அப்புறம் துடிப்பு முதல் மண்டலத்துக்கு இறங்கும்வரை நடை, இப்படி நான்கு முறை. எவ்வளவு நேரம் ஓய்வு என்பதைக் கடிகாரம் முடிவு செய்ய வேண்டாம், இதயமே சொல்லட்டும்.

இறக்கத்தில் எண் உங்களை ஏமாற்றும். லேம்ப்ஸ் ராக்கிலிருந்து திரும்பும்போது துடிப்பு 115 என்று சாதுவாக இருக்கும். ஆனால் தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. துடிப்பு குறைவாக இருக்கிறதே என்று வேகமெடுத்தால் மறுநாள் படி இறங்க முடியாது. இறக்கத்தில் முட்டி சொல்வதைக் கேளுங்கள். அதேபோல ஜிம்மில் எடை தூக்கும்போதும் இந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

பக்கத்து வீட்டில் அருவங்காடு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். என் பழைய பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நடந்துவிட்டு வந்து கேட்டார்: "என்ன தம்பி, எனக்கு மேலும் கீழும் மூச்சு வாங்குது, இது நூத்திப் பத்தைத் தாண்டவே மாட்டேங்குதே. பட்டை போயிருச்சா?"

"பட்டை நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. நீங்க பி.பி.க்கு என்ன மாத்திரை போடறீங்க?"

உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து காட்டினார். மெட்டோப்ரோலால். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது, இதயத்தை வேகமாகத் துடிக்க விடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. அட்டெனோலாலும் அப்படித்தான். இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு வயதைக் கழிக்கும் எந்தக் கணக்கும் பொருந்தாது. 110ஐ 130 ஆக்க முயல்வது ஆபத்து. எண்ணுக்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. தன் மருத்துவரிடம் கேட்டு வந்தார். இப்போது 95இலிருந்து 105 வரை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே நடக்கிறார்.

துவைப்பதும் காய வைப்பதும்

ஒவ்வொரு முறை கழற்றியதும் சென்சாரைப் பட்டையிலிருந்து பிரித்துவிடுங்கள். மாட்டியபடியே விட்டால், ஈரமான பட்டை இரண்டு முனைகளையும் இணைத்துக்கொண்டிருக்க, இன்னும் மார்பில்தான் இருக்கிறோம் என்று சென்சார் விழித்தே கிடக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பட்டையை அன்றன்றே வெறும் தண்ணீரில் அலசுங்கள். வாரத்துக்கு ஒரு முறை மென்மையான சோப்பில் கையால் கசக்குங்கள். பிளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் எலெக்ட்ரோடைக் கெடுக்கும். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்துங்கள்.

காய வைப்பதுதான் இந்த ஊரில் பாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் மழையும் மேகமூட்டமும் இருந்தால் துணி மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தோடு பைக்குள் வைத்த என் முதல் பட்டையில் ஒரு வாரத்தில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்தது. கட்டிய இடம் முழுக்க அரித்துத் தடித்துப்போனது. அந்தப் பட்டையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதற்காக ஹீட்டர் மேல் போடாதீர்கள், ரப்பர் வெடித்துவிடும். சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிடுவது போதும். துணிப் பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கும். பொத்தான் இடைவெளி ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மழைக்காலத்துக்கு இன்னொன்று வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கமாகச் செய்வதையே பட்டை கட்டிக்கொண்டு செய்யுங்கள், எண்களைப் பாருங்கள். நாம் மெதுவாகப் போகிறோம் என்று நினைத்த நாட்களிலும் மூன்றாவது மண்டலத்தில்தான் இருந்திருக்கிறோம் என்பது பலருக்கும் அப்போதுதான் தெரியும். இரண்டாவது வாரம் எல்லா நாளும் இரண்டாவது மண்டலத்துக்குள். மூன்றாவது வாரம் ஒரு நாளை மட்டும் கடினமான ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள். கூடவே, நின்றதும் ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறத் தேற அந்த இறக்கம் பெரிதாகும். காலை ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட ஏழு, எட்டு கூடியிருந்தால் தூக்கம் குறைந்திருக்கும் அல்லது காய்ச்சல் வரப் போகிறது. அன்றைக்கு ஓய்வெடுங்கள்.

நான்காவது வாரத்தில் ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே பாதை, அதே நேரம், துடிப்பு எல்லையைத் தாண்டாமல் ஏறி, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பார்க் வாசல் வரை 146ஐத் தாண்டாமல் ஏற எனக்கு முதல் முறை 31 நிமிடம் ஆனது. நாலு மாதம் கழித்து, அதே 146இல், 25.